மூன்றாவது கியர்

கைப்பிடியில் ஒன்றுமே இல்லை.
லீவர் இல்லை, கேபிள் இல்லை,
மொட்டைக் கொம்பு.
சோதனை போட வந்த ஃபோல்கே
தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு,
"பிரேக்கை எங்கே வைத்துவிட்டு வந்தாய்?" என்றார்.

வலது பிடியை முறுக்கினால் பிரேக்.
இடது பிடியை முறுக்கினால் வேகம்.
இடது பாதத்தில் கிளட்ச்.
கியருக்கு
டேங்கின் வலப்பக்கம் ஒரு குச்சி,
அதன் தலையில்
இடித்துப்போட்ட சவுனாவின் பித்தளைக் குழாய்த் திருகு,
வெந்நீர் என்று சொல்லும் சிவப்புப் பொட்டு அழியாமல்.

ராக்னி இடதுகைக்காரி.
கத்தரிக்கோலோடும் டின் திறப்பானோடும்
நாற்பத்தாறு வருஷம் மல்லுக்கட்டியவள்.
இது ஒன்றாவது என் பக்கம் பேசட்டும் என்று
மூன்று குளிர்காலம்
வளைத்தாள், பற்றவைத்தாள்,
அறுத்தாள், திரும்பப் பற்றவைத்தாள்.
முன்சக்கரம் அவளை விட்டு
ஓர் ஆள் நீளம் முன்னால் போய் நின்றது.
டேங்குக்குப் பச்சை அடித்தது நான்.
தவளை நிறமாகிவிட்டது என்று
நாலு நாள் என்னோடு பேச்சில்லை.

சாவி வைக்கவில்லை.
யாருக்கும் ஓட்ட வராது,
அதுதான் பூட்டு என்றாள்.

ஜூன் மாதம். பீத்தியோவுக்கு வடக்கே
இரவு என்பது பெயரளவுக்கு.
சூரியன் பைன் மரங்களுக்குப் பின்னால்
முகம் கழுவிக்கொண்டு வந்துவிடும்.
அந்த வெளிச்சத்தில்
எவனோ தள்ளிக்கொண்டு போயிருக்கிறான்.

காலையில் சரளைப் பாதையில் குந்தி
அவள் தடத்தை வாசித்தாள்.
"இங்கே உதைத்துக் கிளப்பியிருக்கிறான்.
இங்கே வலது பிடியை முறுக்கியிருக்கிறான் பார்,
வேகம் கேட்டவனுக்கு பிரேக் கிடைத்திருக்கிறது."
சிரித்தாள்.
அடுத்த ஐந்தடியில் ஒரு பள்ளம்,
விழுந்ததில் கால்மிதி கீறிய கோடு.
அங்கேயும் சிரித்தாள்.

தபால் பெட்டிகளைத் தாண்டியதும்
சிரிப்பு நின்றது.

தடம் ஒரே சீராக,
மாவில் விரல் இழுத்தாற்போல,
வளைவு வரைக்கும் போயிருந்தது.

விறகு அடுக்கில் பத்திரமாகச் சாய்ந்திருந்தது வண்டி.
பெட்ரோல் குழாயைக்கூட மூடிவிட்டுப் போயிருந்தான்.
குச்சி இரண்டாவது கியரில்.

"இரண்டு," என்றாள்.
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல
காட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

போலீசுக்குச் சொல்லவில்லை.
அதற்குப் பிறகு கடையில் வரிசையில் நிற்கும்போது
முகங்களைப் பார்ப்பதை விட்டாள்.
காசு எண்ணும் கை எது,
பேனா பிடிக்கும் கை எது,
உறையைக் கிழிக்கும் கை எது.
நூலகத்துப் பையன் இடது கையால் முத்திரை குத்தினான்.
அவன் முழங்காலில் சிராய்ப்பு இருக்கிறதா என்று
கவுன்ட்டர்மேல் எக்கிப் பார்த்ததில்
எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

"கிடைத்தால் என்ன செய்வாய்?" என்றேன்.
"மூன்று எங்கே இருக்கிறது என்று சொல்வேன்.
பாவம், மேலே தள்ளித் தள்ளிப் பார்த்திருப்பான்."

அன்றைக்கு ராத்திரி
சிமென்ட் பை தாளைக் கிழித்து
டேங்கின்மேல் ஒரு சீட்டு ஒட்டினாள்,
எழுத்தெல்லாம் பின்னுக்குச் சாய்ந்து:
மூன்றாவதுக்குக் குழாயை உன் பக்கம் இழு.
பிறகு பயப்படாதே.

டேங்க் நிறைய பெட்ரோல்.
ஷெட் கதவு சும்மா சாத்தியிருந்தது.

ஆகஸ்ட் கடைசியில்
இருட்டு திரும்பி வந்த முதல் வாரம்,
வண்டி இருந்தது. சீட்டு இல்லை.

காற்றாக இருக்கும் என்றேன்.
எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தபடி,
இடது கைதான்,
"உஷ்" என்றாள்.